வாசல் திறந்தால் போதுமா? சமுதாயக் கல்லூரிகளின் வரலாறு நமக்குச் சொல்வது

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தில் எப்போதும் கூட்டம் இருக்கும். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "அடுத்து என்ன?" என்று கேட்கிற பிள்ளைகள். கூடவே, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மாக்கள். அப்படி வந்த ஒரு தங்கை எங்களிடம் ஒரு துண்டறிக்கையைக் காட்டினாள். ஓராண்டுப் பட்டயப் படிப்பு, குறைந்த கட்டணம், வேலை உறுதி என்று அதில் அச்சடித்திருந்தார்கள். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. பேருந்தில் அரை மணி நேரம்தான், ஓராண்டில் சம்பளம் வந்துவிடும். பிள்ளை மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "அக்கா, இதப் படிச்சுட்டு அப்புறமா டிகிரி சேரணும்னா சேர்த்துக்குவாங்களா? இந்த ஒரு வருசம் கணக்குல வருமா?"

எங்களுக்கு உடனே பதில் தெரியவில்லை. துண்டறிக்கையில் இருந்த எண்ணுக்கு அழைத்தோம். எதிர்முனையில் பேசியவருக்கும் தெரியவில்லை. "முதல்ல வந்து சேரச் சொல்லுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அந்தப் பிள்ளை கேட்டது புதிய கேள்வி இல்லை. அமெரிக்காவின் கருப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர்களும், வெள்ளை ஏழைகளும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விதான் அது. சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு அந்த நாட்டில்தான் வளர்ந்தது. அங்கிருந்துதான் நம் ஊருக்கும் வந்தது. அது எத்தனையோ எளிய குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. அதே வேளையில் பலரைப் பாதி வழியில் இறக்கியும் விட்டிருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் நம் பிள்ளைகளுக்கு நாம் சரியான வழி சொல்ல முடியும்.

ஆறு மாணவர்களோடு தொடங்கியது

1901ஆம் ஆண்டு. சிகாகோவுக்கு அருகில் ஜோலியட் என்ற தொழில் நகரம். அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஸ்டான்லி பிரவுன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரோடு சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஊரை விட்டுப் போகாமல், அதே பள்ளியில் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைப் படிக்கலாம். பிறகு பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம். முதலில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். ஜோலியட் ஜூனியர் கல்லூரி இன்றும் இயங்குகிறது. அமெரிக்காவில் தொடர்ந்து நடந்துவரும் அரசு சமுதாயக் கல்லூரிகளில் அதுவே மூத்தது.

இந்தத் தொடக்கத்திலேயே இரண்டு நோக்கங்கள் கலந்திருந்தன. வீட்டுக்கு அருகில் கல்லூரி வந்தால் ஏழை வீட்டுப் பிள்ளையும் படிக்கும் என்பது பிரவுனின் எண்ணம். ஹார்ப்பருக்கோ வேறொரு கணக்கும் இருந்தது. முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை வெளியே அனுப்பிவிட்டால், பல்கலைக்கழகம் ஆய்வுக்கும் உயர் கல்விக்கும் உரிய இடமாக மட்டும் இருக்கும். ஒருவர் வாசலைத் திறக்க நினைத்தார், மற்றவர் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்த நினைத்தார். சமுதாயக் கல்லூரியின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் கலிபோர்னியா முதலிய மாநிலங்களில் இப்படிப்பட்ட ஜூனியர் கல்லூரிகள் பரவின. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நிலைமை மாறியது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்றது. சுமார் 22 லட்சம் பேர் அதைக் கொண்டு கல்லூரிகளுக்குப் போனார்கள். ஆனால் தென் மாநிலங்களில் கருப்பின வீரர்களுக்கு அந்தச் சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருந்தது. வெள்ளையர் கல்லூரிகள் அவர்களைச் சேர்க்கவில்லை. கருப்பினக் கல்லூரிகளிலோ இடம் போதவில்லை. சட்டம் எல்லாருக்கும் என்று எழுதியிருந்தாலும், நடைமுறையில் யார் கையில் அது இருக்கிறது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. இது நமக்குப் பழக்கமான கதைதான்.

1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. மக்கள் தொகையில் குறைந்தது 49 விழுக்காட்டினருக்குப் பள்ளிக்குப் பிறகு மேலும் இரண்டு ஆண்டுகள் படிக்கும் திறன் உண்டு என்று அது சொன்னது. பணம், இனம், மதம், ஊர் ஆகியவைதான் அவர்களைத் தடுக்கின்றன, திறமைக் குறைவு தடுக்கவில்லை என்றும் சொன்னது. முதல் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும், ஊருக்கு ஊர் கல்லூரி வேண்டும் என்று பரிந்துரைத்தது. "சமுதாயக் கல்லூரி" என்ற பெயர் பரவலானது இந்த அறிக்கையால்தான். நிறப் பிரிவினை ஒழிய வேண்டும் என்ற பகுதிக்கு மட்டும் ஆணையத்தின் தென்மாநில உறுப்பினர்கள் சிலர் மறுப்பு எழுதினார்கள். 'தகுதி' என்ற சொல்லை வைத்து நம்மை அடிக்கிறவர்களுக்கு 1947ஆம் ஆண்டு அறிக்கையே பதில் வைத்திருக்கிறது.

திறந்த வாசலால் கரையேறியவர்கள்

இந்தக் கல்லூரிகள் எப்படி இயங்குகின்றன என்று முதலில் பார்ப்போம். நுழைவுத் தேர்வு இல்லை. பள்ளி முடித்த எவரும் சேரலாம். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் அங்கே வழி உண்டு. வயது வரம்பு கிடையாது. கட்டணம் பல்கலைக்கழகத்தைவிட மிகக் குறைவு. காலை, மாலை, வார இறுதி என வகுப்புகள் நடப்பதால் வேலையை விடாமல் படிக்கலாம். இரண்டு ஆண்டு முடித்தால் ஓர் இணைப் பட்டம் கிடைக்கும். அதைக் கொண்டு வேலைக்குப் போகலாம், அல்லது அந்தப் பாடங்களுக்கான மதிப்பை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு மாறி முழுப் பட்டம் வாங்கலாம். இந்த 'மாறுதல்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தங்கை கேட்டது அதைத்தான்.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்த க்வெண்டலின் புரூக்ஸ் என்ற கருப்பினப் பெண், நான்காண்டுக் கல்லூரிக்குப் போகவில்லை. வில்சன் ஜூனியர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து 1936இல் முடித்தார். 1950இல் கவிதைக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கருப்பின எழுத்தாளர் அவர்தான்.

ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த ஏழை வெள்ளைக் குடும்பத்துப் பெண். கார்னிங் சமுதாயக் கல்லூரியில் இணைப் பட்டம் வாங்கி, அங்கிருந்து சிராகியூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். விமானப் படை விமானி ஆனார். 1999இல் கொலம்பியா விண்கலத்தைத் தலைமை தாங்கி ஓட்டியபோது, அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

பேர் தெரிந்தவர்களை விடுங்கள். செவிலியர் வேலையை எடுத்துக்கொள்வோம். 1951இல் மில்ட்ரெட் மாண்டாக் என்ற பேராசிரியர், சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தே செவிலியர் ஆகலாம் என்று ஒரு திட்டத்தை எழுதினார். கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரி வழியாக 1952 முதல் அது சில இடங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதுவரை செவிலியர் பயிற்சி என்றால் மருத்துவமனை விடுதியில் தங்கி, கிட்டத்தட்ட சம்பளமில்லா ஊழியம் செய்து கற்பது. மணமான பெண்களையும் குழந்தை உள்ளவர்களையும் பல பள்ளிகள் சேர்ப்பதே இல்லை. புதிய வழி வந்ததும் முப்பது நாற்பது வயதுப் பெண்களும், கருப்பினப் பெண்களும், புலம்பெயர்ந்து வந்தவர்களும் அந்த வேலைக்குள் வந்தார்கள். மற்றவர் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணின் மகள், பதிவு பெற்ற செவிலியராக மாதச் சம்பளம் வாங்கினாள். ஒரு தலைமுறை மாறுவது என்றால் இதுதான்.

பிரித்து வைத்த பன்னிரண்டு கல்லூரிகள்

ஆனால் வாசல் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை. ஃபுளோரிடா மாநிலத்தில் கருப்பின மக்களுக்கென்றே 12 ஜூனியர் கல்லூரிகள் நடந்தன. முதலாவது 1949இல் பென்சகோலாவில் தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டன் ஜூனியர் கல்லூரி. மீதி 11 கல்லூரிகள் 1957 முதல் வந்தவை. ஆண்டைக் கவனியுங்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அதற்குப் பிறகும் பிரித்தே கல்லூரி கட்டினார்கள். பெரும்பாலானவை கருப்பின உயர்நிலைப் பள்ளிக் கட்டடங்களிலேயே நடந்தன. பள்ளித் தலைமையாசிரியரே பல இடங்களில் கல்லூரிக்கும் தலைவர்.

அப்படி இருந்தும் அந்தக் கல்லூரிகள் நன்றாக வேலை செய்தன. கருப்பின ஆசிரியர்கள் கருப்பினப் பிள்ளைகளை வீடு தேடிப் போய் அழைத்து வந்து படிக்க வைத்தார்கள். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகு, 1960களின் நடுப்பகுதியில் இந்தப் பன்னிரண்டும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வெள்ளையர் கல்லூரிகளோடு இணைக்கப்பட்டன. 'ஒருங்கிணைப்பு' என்ற பெயரில் மூடப்பட்டவை எல்லாம் கருப்பினக் கல்லூரிகளே. பல ஆசிரியர்களும் நிர்வாகிகளும் தங்கள் இடத்தை இழந்தார்கள்.

நம் நிலத்தில் பஞ்சமர் பள்ளிகள் இருந்தன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. சேரிக்குள் இருக்கிற பள்ளி நமக்குப் பிரிவினையின் அடையாளமாகவும் இருக்கிறது, நம் ஆசிரியர்கள் நம் பிள்ளைகளைக் கைப்பிடித்துத் தூக்கிவிட்ட இடமாகவும் இருக்கிறது. அவற்றை இணைக்கலாம், மூடலாம் என்று யாராவது பேசும்போது, இணைப்புக்குப் பிறகு தலைமை யாரிடம் இருக்கும், நம் ஆசிரியர்கள் எங்கே போவார்கள் என்று கேட்க ஃபுளோரிடா நமக்குக் கற்றுத் தருகிறது.

ஆசையை ஆற வைக்கும் கலை

1960களில் அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் திறக்கப்பட்டன. அந்தப் பத்தாண்டு தொடங்கிய 1960இல்தான் கலிபோர்னியா தன் உயர்கல்விப் பெருந்திட்டத்தைச் சட்டமாக்கியது. பள்ளி முடிப்பவர்களில் முதல் 12.5 விழுக்காட்டினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லாருக்கும் சமுதாயக் கல்லூரிகள். கீழ்த்தட்டில் சேர்ந்தவர்கள் நன்றாகப் படித்தால் மேலே மாறிக்கொள்ளலாம் என்பது உறுதிமொழி.

அதே 1960இல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரக் கல்லூரியை ஆய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். சமூகவியல் படித்த எங்களுக்கு அது வகுப்பில் வந்த பாடம். களத்துக்கு வந்த பிறகுதான் அதன் பொருள் உறைத்தது. கிளார்க் கண்டது இது: சேரும்போது பெரும்பாலான மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்ற ஆசையோடுதான் வருகிறார்கள். முதலில் ஒரு தகுதித் தேர்வு. பிறகு மதிப்புக் கணக்கில் சேராத அடிப்படை வகுப்பு. பிறகு ஆலோசகரோடு ஒரு சந்திப்பு. "உனக்கு இது சரிப்படும், அது கஷ்டம்" என்ற மெதுவான பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாக மாணவர், அத்தோடு முடிந்துவிடும் தொழில் படிப்புக்குத் தானே மாறிவிடுகிறார். யாரும் அவரைத் துரத்தவில்லை. தன்னால் முடியவில்லை என்று அவரே நம்பிவிடுகிறார்.

இதைக் கிளார்க் 'ஆற வைத்தல்' என்று அழைத்தார். எர்விங் காஃப்மன் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்த சொல் அது. ஏமாற்றிப் பணம் பறிப்பவர்களின் கூட்டத்தில் ஒருவன், ஏமாந்தவன் காவல் நிலையத்துக்குப் போகாதபடி பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொல்லி ஆற வைப்பான். கல்லூரியும் அதைத்தான் செய்கிறது என்றார் கிளார்க்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை நாம் மறக்க முடியாது. பள்ளியில் அரைநாள், மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று தமிழ்நாடு அதை எதிர்த்தது. 1954இல் அது போயிற்று. அந்தத் திட்டம் அப்பன் தொழிலை நேரடியாகச் சொன்னதால் எதிர்க்க முடிந்தது. ஆற வைக்கும் கல்லூரி அப்படி எதுவும் சொல்வதில்லை. "உன் விருப்பம்தான்" என்கிறது. அதனாலேயே அதைக் கண்டுபிடிப்பதும் எதிர்ப்பதும் கடினம்.

கைத்தொழில் கற்பது கேவலம் என்று நாங்கள் சொல்லவில்லை. மின்பணியாளர், செவிலியர், இயந்திரம் இயக்குபவர் எல்லாருமே மதிப்புக்குரிய உழைப்பாளிகள். அந்தப் பாதையில் போனவர் விரும்பினால் மேலே ஏறுவதற்குப் படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் இன்றும் சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 80 பேர் முழுப் பட்டம் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்கள். ஆறு ஆண்டுக்குள் அதை வாங்குபவர்கள் சுமார் 16 பேர்தான். வாசல் அகலமாக இருக்கிறது, உள்ளே படிக்கட்டு குறுகலாக இருக்கிறது.

ஓக்லாந்திலிருந்து ஒரு தீப்பொறி

படிக்கட்டைத் தாமே கட்ட முனைந்தவர்களும் இந்தக் கல்லூரிகளிலிருந்துதான் வந்தார்கள். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதியின் நடுவே மெரிட் கல்லூரி இருந்தது. விமானப் படையிலிருந்து வெளியேற்றப்பட்ட பாபி சீல், பகலில் தொழிற்சாலையில் உலோகத் தகடு வேலை செய்துவிட்டு இரவு வகுப்புக்கு அங்கே வந்தார். லூசியானாவிலிருந்து பிழைப்பு தேடி வந்த குடும்பத்தின் பிள்ளை ஹியூயி நியூட்டன். பள்ளி முடித்தபோது தனக்குச் சரியாக வாசிக்கவே தெரியாது என்று பின்னாளில் எழுதியவர். இருவரும் மெரிட் கல்லூரியில் சந்தித்தார்கள். கருப்பின வரலாறு பாடமாக வேண்டும், கருப்பின ஆசிரியர்கள் வேண்டும் என்று சக மாணவர்களோடு சேர்ந்து போராடினார்கள். 1966இல் நியூட்டன் அங்கே இணைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் இருவரும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்களின் பத்து அம்சத் திட்டத்தில் கல்வி ஐந்தாவது கோரிக்கை. நியூட்டன் 1980இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அந்தத் தீப்பொறி நம்மிடமும் வந்தது. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே முதலியோர் தலித் சிறுத்தைகளைத் தொடங்கியபோது பெயரை அங்கிருந்துதான் எடுத்தார்கள். மதுரையில் மலைச்சாமி தலைமையில் இயங்கிய அமைப்பு வழியாக அது தமிழ்நாட்டில் விடுதலைச் சிறுத்தைகளாக வளர்ந்தது. கட்டணம் குறைந்த ஒரு பக்கத்துத் தெருக் கல்லூரியில் இரவு வகுப்புக்கு வந்த இரண்டு பேர் இந்த வரலாற்றின் தொடக்கத்தில் இருக்கிறார்கள்.

1971இல் மெரிட் கல்லூரி, கருப்பின மக்கள் வாழ்ந்த சமவெளியை விட்டு ஓக்லாந்தின் மலைப் பகுதிக்கு இடம் மாறியது. மக்கள் எதிர்த்தும் நிற்கவில்லை. பெயர் அதேதான், பாடம் அதேதான். ஆனால் நடந்து போன கல்லூரி, பேருந்து மாறிப் போகும் கல்லூரி ஆகிவிட்டது. நம் ஊரில் ஓர் அரசுக் கல்லூரியோ விடுதியோ ஊருக்கு வெளியே போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு வேலை முடித்து வருபவருக்கும், இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டிய பெண்ணுக்கும் தூரம் என்பது படிப்பை நிறுத்திவிடும் அளவுக்குப் பெரிய விஷயம்.

போராடிப் பெற்ற சேர்க்கை

நியூயார்க் நகரின் கல்லூரிகளில் 1847 முதலே கட்டணம் கிடையாது. ஆனால் மதிப்பெண் வரம்பு கருப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்களை வெளியே வைத்திருந்தது. 1969 ஏப்ரலில் அந்த மாணவர்கள் சிட்டி கல்லூரியின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றி இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். அதன் விளைவாக, நகரில் பள்ளி முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லூரியில் இடம் உறுதி என்ற முறை 1970இல் நடைமுறைக்கு வந்தது. 1969இல் சுமார் 20,000 ஆக இருந்த முதலாண்டுச் சேர்க்கை அடுத்த ஆண்டே சுமார் 35,000 ஆனது. பலர் சேர்ந்தது சமுதாயக் கல்லூரிகளில். தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பழைய டயர் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரி திறந்தது. ஆங்கிலம் தெரியாதவர்கள் ஸ்பானிய மொழியில் பாடத்தைத் தொடங்கி, கூடவே ஆங்கிலமும் கற்கலாம். தாய்மொழியில் தொடங்கியதால் யாருடைய மூளையும் மழுங்கிவிடவில்லை.

இதே காலத்தில், 1968இல், நவஹோ பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தில் தங்கள் நிர்வாகத்திலேயே ஒரு சமுதாயக் கல்லூரியை நிறுவினார்கள். அமெரிக்காவில் பழங்குடியினரே நடத்திய முதல் கல்லூரி அது. இன்று அப்படி 30க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன.

"தரம் கெட்டுவிடும்" என்ற கூச்சல் நியூயார்க்கிலும் எழுந்தது. 1976இல் நகரத்தின் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி முதல் முறையாகக் கட்டணம் விதித்தார்கள். கட்டணமில்லாக் கல்வி 129 ஆண்டுகள் நடந்திருக்கிறது. கருப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் பெருமளவில் உள்ளே வந்த ஆறாவது ஆண்டில் அது முடிந்துபோனது. ஹோஸ்டோஸ் கல்லூரியையும் வேறொன்றோடு இணைத்து ஒழிக்கப் பார்த்தார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டடத்தைக் கைப்பற்றிப் போராடி அதைக் காப்பாற்றினார்கள்.

தரம் கெட்டதா? பால் அட்டிவெல், டேவிட் லாவின் என்ற இரு ஆய்வாளர்கள், திறந்த சேர்க்கையில் வந்த பெண்களைச் சுமார் 30 ஆண்டுகள் கழித்துத் தேடிப் போனார்கள். 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு பட்டத்தை முடித்திருந்தார்கள். பலர் வேலை, திருமணம், குழந்தை என்று இடையில் நிறுத்தி, பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப வந்து முடித்தவர்கள். அவர்களின் பிள்ளைகளும் படிப்பில் முன்னேறியிருந்தார்கள். 2007இல் வந்த அந்த ஆய்வு சொல்வது தெளிவு: நான்கு ஆண்டில் கணக்கெடுத்தால் 'தோல்வி' என்று தெரிவது, முப்பது ஆண்டில் ஒரு குடும்பமே எழுந்து நிற்பதாகத் தெரிகிறது. பாதியில் நின்றவரை எப்போது வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி இருந்ததால்தான் அது நடந்தது.

பாபாசாகேப் கட்டிய காலை நேரக் கல்லூரி

இதை அமெரிக்கா மட்டும்தான் யோசித்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1945இல் அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946 ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது. காலையில் வகுப்பு. பகலில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எழுத்தர்களும் கடைநிலை ஊழியர்களும் படிக்கட்டும் என்பதற்காக அந்த நேரம். 1950இல், கல்லூரிகள் அரிதாக இருந்த மராத்வாடா பகுதியின் ஔரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி. பின்னாளில் மிலிந்த் கல்லூரி என்று பெயர் பெற்ற அது, தலித் இலக்கியத்துக்கே விளைநிலம் ஆனது.

பாபாசாகேப் கட்டியது தொழிற்பயிற்சிக் கூடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொலம்பியாவில் தான் படித்த பொருளாதாரம், அரசியல், சமூகவியல் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று முழுப் பட்டக் கல்லூரியைக் கட்டினார். உழைக்கும் மக்களுக்காக வகுப்பு நேரத்தை மாற்றினார், பட்டத்தின் அளவைக் குறைக்கவில்லை. சமுதாயக் கல்லூரியை அளந்து பார்க்க நமக்கு இதைவிட நல்ல அளவுகோல் வேண்டியதில்லை.

நம் ஊரில்

அமெரிக்க மாதிரியைப் பார்த்து 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலைப் பேராயம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு முழுவதும் தொண்டு நிறுவனங்கள் பல இதை எடுத்துக்கொண்டன. பள்ளியில் இடைநின்றவர்கள், தலித் இளைஞர்கள், பெண்கள் ஆகியோருக்கு ஓராண்டுத் தொழில் பட்டயம், வாழ்க்கைத் திறன், களப் பயிற்சி என்பது அவற்றின் அமைப்பு. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. இவற்றால் பயன்பெற்றவர்கள் எங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் குளிர்சாதனப் பழுது பார்ப்பவராகவும், வீட்டு வேலை செய்தவர் மருத்துவமனை உதவியாளராகவும் ஆனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனம் வராது.

ஆனால் அமெரிக்காவில் வாசலோடு சேர்ந்து வந்த மாறுதல் படிக்கட்டு, இங்கே பெரும்பாலும் வந்து சேரவில்லை. ஓராண்டுப் பட்டயம் பல இடங்களில் பட்டப்படிப்பில் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. இப்போது 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை வேறொரு கதவைத் திறக்கிறது. பட்டப்படிப்பில் ஓராண்டில் நின்றால் சான்றிதழ், இரண்டாண்டில் நின்றால் பட்டயம், விரும்பினால் பிறகு திரும்பி வரலாம். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. வீட்டில் கஷ்டம் வந்ததும் ஓராண்டில் வெளியேறப் போவது யார் வீட்டுப் பிள்ளை? அவர் திரும்பி வர உதவித்தொகையும் விடுதியும் காத்திருக்குமா? ஆற வைக்கும் வேலையை ஆலோசகர் இல்லாமலே வறுமை செய்துவிடும்.

நம் மாநிலத்தில் ஏற்கெனவே வேலை செய்கிற படிக்கட்டுகளும் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. சொல்லிக் கொடுப்பது நம் வேலை.

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவில் யாராவது ஒரு துண்டறிக்கையோடு வந்தால் இந்த ஐந்தையும் கேட்கச் சொல்லுங்கள். படிப்புக்கு அங்கீகாரம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், எந்த வாரியம்? இதை முடித்தால் அடுத்து எந்தப் படிப்பில், எந்த ஆண்டில் சேரலாம்? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இதற்குக் கிடைக்குமா? வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நேரம் ஒத்துவருமா? பாதியில் நின்றால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

எங்களிடம் வந்த அந்தத் தங்கை, இரண்டு வாரம் அலைந்த பிறகு அரசு கலைக் கல்லூரியில் பிற்பகல் ஷிப்டில் பி.காம். சேர்ந்துவிட்டாள். காலையில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறாள். அவள் தெருவிலேயே இன்னும் மூன்று பேர் அந்தத் துண்டறிக்கைப் படிப்பில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அந்த ஓராண்டு பட்டப்படிப்பில் கணக்கில் சேருமா என்று கேட்டு, அங்கீகாரம் தந்த பல்கலைக்கழகத்துக்கு மூவர் பெயரிலும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறோம். பதில் வரும்வரை விடப்போவதில்லை.

ஜெய் பீம்.